மீனம்பாக்கத்தில் இறங்கி தென்னேரி சேர்வது

வளைகுடாவிலிருந்து சென்னைக்கு வருகிற விமானங்களுக்கும் நடுநிசிக்கும் அப்படி என்ன ஒப்பந்தமோ, அன்றும் சரி, இன்றும் சரி, அவற்றில் பாதிக்கு மேல் ஊர் உறங்குகிற நேரம் பார்த்துத்தான் தரையிறங்குகின்றன. மஸ்கட்டில் வேலை முடித்து, குளித்து, சாப்பிட்டு, அறையில் கூட இருப்பவர்கள் வழியனுப்ப வண்டியேறினால், வானத்தில் போகிறபோதே நம் கடிகாரம் ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடும். மீனம்பாக்கத்தில் விமானக் கதவு திறக்கும்போது மணி ஒன்றோ இரண்டோ. கடல் தாண்டி வந்த அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் எனக்கு நினைவிருப்பது மிகக் கொஞ்சம். அங்கிருந்து படுக்கை வரைக்கும் போகிற கடைசி ஐம்பது கிலோமீட்டர்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. உங்கள் ஊர் செய்யாறோ, ஆரணியோ, திண்டிவனமோ, எதுவாக இருந்தாலும் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் ஊர் தென்னேரி. வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் போகிற சாலையில் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளைச் சொல்லச் சொன்னால் முதல் மூச்சிலேயே எங்கள் ஏரி வந்துவிடும். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள கோயில் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயரைச் சொன்னதும் யாரும் கோயிலைக் கேட்க மாட்டார்கள். “இந்த வருஷம் ஏரி ரொம்புச்சா, கடைவாசல் போச்சா?” என்றுதான் கேட்பார்கள்; கடைவாசல் என்றால் நிரம்பிய ஏரி வழிகிற கலங்கல். மஸ்கட்டில் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவரை முதன்முதலாகச் சந்தித்தபோது அவர் என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கேட்ட கேள்வியும் அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். திரிசூலம் பக்கம் பன்னாட்டு முனையம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. 1989-இல் திறந்தது அது. ஊரில் தொலைபேசி இருந்த வீடுகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். வருகிற சேதி நீலநிற ஏரோகிராமில் போகும், அவசரமென்றால் தந்தியில் போகும். அந்தத் தந்தியில்தான் ஒரு சிக்கல் இருந்தது, நள்ளிரவில் இறங்குகிற எல்லோருக்கும் அது தெரியும். வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு வருகிறேன் என்று எழுதினால், அது வியாழக்கிழமை சாப்பிட்டுப் படுத்த பிறகு வருகிற ஒன்றரை மணி. ஆனால் கிராமத்தில் வெள்ளிக்கிழமை என்பது சூரியன் உதித்துத்தானே ஆரம்பிக்கிறது? சேவல் கூவாமல் அங்கே கிழமை மாறுவதில்லை. அதனால் மகன் வந்திறங்கிப் பெட்டியோடு நிற்கிற நேரத்தில் இங்கே வீட்டார் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் இரவுக்குத்தான் வாலாஜாபாத்தில் வண்டி பேசியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒருமுறை அப்படி நடந்தது. நான் காலையில் பேருந்தில் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். முன்பணம் கொடுத்த வண்டியை என்ன செய்வது என்று தெரியாமல், கடைசியில் குடும்பமே அதில் ஏறிக் காஞ்சிபுரம் போய் வரதரைச் சேவித்துவிட்டு வந்தது. எங்கள் அத்தை இன்றைக்கும் அந்தத் தரிசனத்தை என் கணக்கில்தான் வைத்திருக்கிறாள்.

கிழமை ஒழுங்காகப் புரிந்துகொள்ளப்பட்ட இரவுகள் எப்படி இருந்தன தெரியுமா? சுங்க அதிகாரி பெட்டியைத் தட்டிப் பார்த்து, திறக்கச் சொல்லி, மூடச் சொல்லி, மேலே சாக்பீஸால் ஒரு குறி போடுவார். அந்தக் குறி விழுந்ததும் பிறக்கிற நிம்மதி இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் இரும்புக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கில் முகங்கள். அத்தனையும் தூக்கம் கெட்ட முகங்கள், அத்தனையும் யாரையோ தேடுகிற முகங்கள். நம் முகம் அவர்களுக்குரியதாக இல்லாவிட்டாலும் ஒரு கணம் நம் மேல் நின்று, நம்மை முழுக்கப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் நகரும். ஒருவனை அழைத்துப்போக ஏழு பேர் வந்திருப்பார்கள். அப்பா, சித்தப்பா, மாமா, மாமா மகன், ‘ஏரோப்ளேன் பாத்ததில்ல’ என்று அடம்பிடித்து வந்த பக்கத்து வீட்டுச் சிறுவன், ஓட்டுநர், ஓட்டுநருக்குத் துணையாக இன்னொருவர். இதில் பெட்டி எங்கே வைப்பது, வந்தவன் எங்கே உட்காருவது என்ற யோசனை ஒருவருக்கும் இருந்ததில்லை. எல்லோருக்கும் எப்படியோ இடம் கிடைத்துவிடும். அம்பாசிடரின் மேல்கேரியரில் அட்டைப் பெட்டியை வைத்துக் கட்டுவதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அப்பா மட்டும் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அருகில் போனால், “சாப்ட்டியா?” என்பார். விமானத்தில் போட்டார்கள் என்றால், “சோறு போட்டாங்களா?” என்று திருத்திக் கேட்பார்.

ஓட்டுநர் வயதில் மூத்தவர், வழி நெடுகப் பேசுகிறவர். “இன்னா தம்பி, சவுக்கியமா கீறியா? அங்க வெயிலு எம்மா நேரம் அடிக்கும்?” என்று ஆரம்பித்தால், தாம்பரம் வருவதற்குள் அரபு நாட்டுப் பருவநிலை, சம்பளம், தண்ணீர் விலை, அங்கே ஓட்டுநர் வேலைக்கு உரிமம் எப்படி எடுப்பது, எல்லாவற்றையும் விசாரித்து முடித்திருப்பார். தாம்பரத்தில் வண்டி நின்றே தீரும். எதற்கு நிற்கிறது என்று யாரும் கேட்டதில்லை. மூன்று மணித் தாம்பரத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடைகளில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். நாளிதழ்க் கட்டுகளைத் தரையில் பரப்பிப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பாரிமுனைக்குப் போகிற பூக்கூடைகள் ஈரச் சாக்கு மூடி வரிசையாக இருக்கும். கண்ணாடி டம்ளரில் டீயும், அதில் தோய்த்தால் முக்கால்வாசி டீயைக் குடித்துவிடுகிற பொறையும். இரண்டு வருஷம் நான் ஏங்கியிருந்தது அம்மாவின் சமையலுக்கு என்று கடிதங்களில் எழுதியிருந்தேன். உண்மையில் முதல் ஏக்கம் தீர்ந்தது அந்தப் பொறையில்தான்.

அதற்கப்புறம் இருட்டு. முடிச்சூர், படப்பை தாண்டினால் ஒரகடம் வரைக்கும், ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வரைக்கும், சாலையின் இரண்டு பக்கமும் நீங்கள் இன்று கற்பனை செய்ய முடியாத இருட்டு. வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் முயல் குறுக்கே ஓடும், சில நாள் நரி. அடியில் அரிக்கேன் விளக்குத் தொங்க நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வண்டிக்காரர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், மாடுகளுக்கு வழி தெரியும். காருக்குள் ஒவ்வொருவராகச் சாய்ந்துவிடுவார்கள். மாமா மகன் என் தோளிலும் சிறுவன் என் மடியிலும் தூங்க, நான் நகர முடியாமல் நடுவில் உட்கார்ந்திருப்பேன். அந்த நெருக்கடியில் எனக்குக் கிடைத்த சுகத்தை எந்த ஓட்டல் மெத்தையும் பிறகு கொடுத்ததில்லை. வாலாஜாபாத்தில் வடக்கே திரும்பி, ஏரிக்கரை தெரிகிற இடத்துக்கு வரும்போது பெரும்பாலும் கிழக்கு வெளுத்திருக்கும். ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைப்பார். “பார்த்துக்க தம்பி, தண்ணி மதகு வரிக்கும் நிக்குது” என்பார், தானே நிரப்பி வைத்த பெருமிதத்தோடு.

வீட்டு வாசலில் ஆரத்தி. பிறகு அட்டைப் பெட்டி. அந்தப் பெட்டியைப் பிரிக்கிற சடங்கைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அண்ணன் கத்தியை எடுத்தால் அம்மா தடுத்துவிடுவாள். முடிச்சை நகத்தாலும் பல்லாலும் ஒவ்வொன்றாக அவிழ்க்கவேண்டும், ஏனென்றால் அந்த நைலான் கயிறு கன்றுக்குட்டிக்கு வேண்டும். அட்டை கிழியக்கூடாது; அலமாரித் தட்டில் விரிக்க அது. டாங் பாட்டில் தீர்ந்ததும் அதில் எலுமிச்சை ஊறுகாய் போகும். பால்பவுடர் டின் துவரம்பருப்புக்கு. கோடாலித் தைலம் தெருவுக்கே பொது. விமானத்தில் கொடுத்த சர்க்கரைப் பொட்டலத்தை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பேன், அதை அம்மா பிரிக்காமல் சாமி அலமாரியில் வைப்பாள். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய டூ-இன்-ஒன் ரேடியோவுக்குக் கிடைக்காத இடம் அந்தச் சர்க்கரைக்குக் கிடைத்தது. அதுமட்டும்தான் மகன் வந்த வழியில் அவனுக்குக் கிடைத்த சாப்பாடு என்று அவளுக்குப் பட்டிருக்கவேண்டும்.

வண்டி வராத இரவுகளையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவையும் குறைந்தவையல்ல. கையில் காசிருக்கிறவர்கள் முன்பணச் சீட்டு எடுத்து டாக்சியில் எழும்பூர் கென்னட் சந்துக்குப் போய் லாட்ஜில் மூன்று மணி நேரத் தூக்கத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுத்தார்கள். மற்றவர்கள் அங்கேயே விடியும்வரை உட்கார்ந்தோம். பெட்டியை இழுத்துக்கொண்டு சுரங்கப்பாதை வழியாக ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் திரிசூலம் ரயில் நிலையம். அங்கே முதல் மின்சார ரயிலுக்காகக் காத்திருக்கிற சின்னக் கூட்டம் ஒன்று இருக்கும். வேலூர்க்காரர், செய்யாற்றுக்காரர், கும்பகோணம் போகவேண்டியவர். அரை மணியில் எல்லோருக்கும் எல்லோருடைய கதையும் தெரிந்துவிடும். ஒருவர் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரிப்பார். வீட்டுக்கென்று வாங்கியதில் பாதி பெஞ்சிலேயே தீரும். காவலர் ஒருவர் என்னிடம் வந்து, “தம்பி, பெட்டியைக் காலாண்ட வைக்காதே, தலையாண்ட வச்சிக்கினு படு, நான் இங்கதான் கீறேன்” என்றார். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவரை நம்பித் தூங்கினேன்.

தாம்பரத்தில் இறங்கிக் காஞ்சிபுரம் பேருந்து. பேருந்துக் கழகங்களுக்கு அப்போது தலைவர்களின் பெயர்கள் இருந்தன. 1997-இல் அவை போய் எல்லாமே அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. பெயர் எதுவானாலும் முதல் பேருந்தின் நடத்துனர் பெட்டியைப் பார்த்ததுமே, “எந்த நாடு?” என்று கேட்பார். பெட்டிக்குத் தனியாகச் சீட்டுக் கிழிப்பார், அதில் தயவு கிடையாது. ஆனால் வாலாஜாபாத் வந்ததும், தென்னேரிப் பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தால், அதை விசிலடித்து நிறுத்தி, “வெளிநாட்டு ஆள் வருது, நிறுத்துப்பா” என்று கத்துவார்.

இப்போது பாருங்கள். சென்ற தை மாதம் வந்தபோது விமானம் நின்றதும் எல்லோர் கைபேசிகளும் ஒன்றாக உயிர்பெற்றன. பெட்டியில் சாக்பீஸ் குறி இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னமும் ஆட்கள் நிற்கிறார்கள், ஆனால் பெயர்ப்பலகை பிடித்தவர்கள்தான் அதிகம். கொரிய எழுத்திலும் ஜப்பானிய எழுத்திலும் பெயர்கள். ஆப்பில் வண்டி பதிந்தவர்கள் பேட்டரி வண்டியேறிப் பலமாடி வாகன நிறுத்தத்துக்குப் போகவேண்டும். நான்கு இலக்க எண்ணைச் சொன்னால் கதவு திறக்கும். “சார், லொகேஷன் சரியா?” என்பதுதான் ஓட்டுநர் கேட்கிற முதல் கேள்வி, பெரும்பாலும் கடைசிக் கேள்வியும். அதன் பிறகு வழியெல்லாம் கைபேசிப் பெண்குரல் ஒன்று தூய தமிழில் இடப்புறம் திரும்பச் சொல்கிறது, வலப்புறம் திரும்பச் சொல்கிறது. நாங்கள் இருவரும் அவளுக்குக் கட்டுப்பட்டுப் பேசாமல் போகிறோம்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் தங்கை மகள் ஒருமுறை தனியாகப் பின்னிரவில் வந்திறங்கினாள். வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்பதைக் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டே அவள் அம்மா கோவையில் விழித்திருந்தாள். வீடு சேர்கிற வரைக்கும் அந்தச் சிறு புள்ளி நகர்வதை நானும் பார்த்தேன். எங்கள் காலத்தில் ஒரு பெண் தனியாக அந்த நேரத்தில் வருவதென்றால் அந்த ஏழு பேரும் வந்தாகவேண்டும், இல்லையென்றால் அவள் பயணமே இல்லை. இந்த ஒன்றுக்காகவே இந்தக் காலத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். 2016-இல் மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்குள்ளேயே வந்ததும் பெரிய காரியம். ஆனால் நம் விமானங்கள் வருகிற நேரத்துக்கு அதுவும் தூங்கப் போய்விடுகிறது. நடுநிசிக்காரர்களுக்கு விடியல்தான் இன்னமும் பொது வாகனம்.

இன்னொரு மாற்றம்தான் எனக்கு மனதில் ஆழமாகப் பட்டது. நான் இப்போது போகிற இடம் வீடல்ல, ஓட்டல். அப்பா அம்மா போய், பாகம் பிரிந்து, ஓட்டு வீடு மழையில் சரிந்து, என் பங்குக்கு வந்த இடத்தில் இப்போது ஒரு வேப்பமரமும் கொஞ்சம் கல்லும்தான். அதனால் சுங்குவார்சத்திரத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ஓட்டலில் தங்குகிறேன். சுங்குவார்சத்திரத்தில் ஓட்டல் அறை! அந்தக் காலத்தில் அங்கே தங்குவதற்கு இருந்த ஒரே இடம் பேருந்து நிறுத்தத்துத் திண்ணை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-இல் மூடிக்கொண்டும் போனது. சாம்சங்கும் ஃபாக்ஸ்கானும் சுங்குவார்சத்திரத்துக்கே வந்தன. முயல் ஓடிய ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிசான் ஆலை எழுந்தது. ஆலைகளோடு அதிகாரிகள் வந்தார்கள், அவர்களுக்காக ஓட்டல்கள் வந்தன. காலைச் சிற்றுண்டியில் பொங்கலுக்கும் வடைக்கும் பக்கத்தில் கிம்சி வைத்திருக்கிறார்கள். நான் பொங்கலோடு அதையும் சாப்பிட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. வரவேற்பில் இருந்த ஒடிசாப் பையன் என் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, “முதல் தடவை வருகிறீர்களா சார், பக்கத்தில் பார்க்க என்ன இடங்கள் என்று சொல்லட்டுமா?” என்று மரியாதையாகக் கேட்டான். தென்னேரி என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. அவன் வீட்டுக்குப் போக இரண்டு ரயிலும் ஒரு பேருந்தும் மாறவேண்டும் என்று பிறகு சொன்னான். அந்தக் கணக்கைச் சொல்லும்போது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் நன்றாகவே அறிவேன்.

அந்த ஓட்டலுக்கு ஆப் வண்டியில் போனால் வழியே வேறு. வெளிவட்டச் சாலையைப் பிடித்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் சுங்குவார்சத்திரம். ஒரு மணி நேரம், போக்குவரத்து இருந்தால் கொஞ்சம் கூட. இந்த வழியில் தாம்பரத்து டீ இல்லை, ஒரகடம் இல்லை, வாலாஜாபாத் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தென்னேரி இல்லை. பிறந்த ஊருக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, அதைத் தொடாமலே, குளிரூட்டிய அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறேன். அதற்கும் ஓர் இடைஞ்சல்: அறை மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான். இரவு மூன்று மணிக்குப் போய் நின்றால் முந்தைய நாள் வாடகையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். கென்னட் சந்து லாட்ஜின் அதே கணக்கு, இப்போது கணினியில் போடுகிறார்கள்.

இனி விமானமே எங்கள் பக்கம் வரப்போகிறதாம். 2022 ஆகஸ்டில் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று அறிவித்தார்கள். பரந்தூரைச் சேர்த்துப் பதின்மூன்று கிராமங்கள், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். எங்கள் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம். அதைக் கேட்டபோது, இளவயதில் திரிசூலம் பெஞ்சில் படுத்திருந்தவன் துள்ளிக் குதித்திருப்பான். எனக்கு இப்போது துள்ள முடியவில்லை. பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வரை போகிற கம்பன் கால்வாய் அந்த நிலத்தின் குறுக்கேதான் போகிறது. அந்தப் பதின்மூன்றில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்து எதிர்த்து நிற்கிறார்கள், 2024 நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்தார்கள். மீனம்பாக்கத்தில் இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டினார்கள். 2015 டிசம்பரில் ஆறு அந்தப் பாதைக்கு ஏறி வந்தது, விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றினார்கள். தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை என்பதை ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு விமானம் வேண்டும், நான் அதில்தான் வந்துபோகிறேன். ஆனால் நான் ஒரு மணி நேரம் சீக்கிரம் போய்ப் படுப்பதற்காக இன்னொருவன் தன் ஏரியையும் வீட்டையும் விட்டு இரவோடு இரவாக மூட்டை கட்டவேண்டும் என்றால், அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டாம்.

ஆகவே இந்தத் தையில் நான் பழைய வழிக்குத் திரும்பினேன். ஆப்பைத் திறக்கவில்லை. விமான நிலையத்திலேயே விடியற்காலை வரை உட்கார்ந்தேன்; சார்ஜர் செருகும் இடத்தைச் சுற்றி இப்போதும் ஒரு சின்னக் கூட்டம் சேர்கிறது, பேரீச்சம்பழம்தான் இல்லை. சுரங்கப்பாதை, திரிசூலம், முதல் ரயில், தாம்பரம். தென்மாவட்டப் பேருந்துகள் 2023 இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குப் போய்விட்டதால் தாம்பரத்து இரவு கொஞ்சம் இளைத்திருக்கிறது. டீக்கடை இருக்கிறது. பொறை கேட்டேன், கடைப் பையன் வியப்போடு அடுக்கின் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

பேருந்தில் நான் எதிர்பார்த்திருந்தது பழைய இருட்டை. கிடைத்தது வேறொன்று. படப்பை தாண்டியதிலிருந்து சாலை முழுவதும் கம்பெனிப் பேருந்துகள், வெள்ளை வெள்ளையாக, உள்ளே விளக்கெரிய, ஜன்னலில் சாய்ந்து தூங்குகிற பெண்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென்று 18,720 பேர் தங்குகிற விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்திருக்கிறார்கள். ஒரு சிறுநகரத்து மக்கள்தொகை அது. திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்த பிள்ளைகள். எங்கள் காலத்தில் இந்தச் சாலையில் அந்த நேரத்தில் விழித்திருந்தவன், கடல் தாண்டிப் போய் வருகிற என் போன்றவன் ஒருவன்தான். இன்று ஊர் ஊராக இளம்பெண்கள் கடல் தாண்டாமலே எங்கள் பிழைப்பைப் பிழைக்கிறார்கள்: பெட்டி கட்டி, அறையில் பலரோடு தங்கி, மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்பி. அவர்களைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

ஒரகடத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரவு ஷிப்ட் முடித்து, இரண்டு நாள் விடுப்பில் வீட்டுக்குப் போகிறாளாம். “வாலாஜாபாத் வந்தா எழுப்பிடுங்க தாத்தா” என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிஷமே தூங்கிப்போனாள், தலை என் தோளுக்குச் சரிந்தது. எழுப்பினேன். பையை எடுத்துக்கொண்டே, “நீங்க எங்க போறீங்க?” என்றாள். சொன்னேன்.

“தென்னேரியா? எங்க பெரியம்மா ஊரு. ஏரி ரொம்பிக் கடைவாசல் போச்சாமே, பார்த்தீங்களா?”

“இனிமேதாம்மா.”

அவள் தன் பேருந்துக்கு ஓடினாள். நான் சுங்குவார்சத்திரம் போகிற பேருந்தைத் தேடி ஏறினேன். அது தென்னேரி வழியாகத்தான் போகும். ஓட்டலுக்குக் கைபேசியில் சொல்லிவிட்டேன், பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வருவேன் என்று. மணி ஆறரைதான் ஆகியிருந்தது. நடுவில் இறங்கிச் சித்தி வீட்டில் காபி குடிக்கலாம், கரையில் நடக்கலாம், அத்தையைப் பார்த்தால் காஞ்சிபுரத்துத் தரிசனக் கதையை இன்னொருமுறை கேட்கலாம். நடத்துனர் சீட்டுக் கொடுக்கும்போது என் பெட்டியைப் பார்த்தார்.

“எந்த நாடு சார்?” என்றார்.